வார்த்தை விட்டுப்போன கட்டம்

ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு ஜப்பானியப் படக்கதையின் மூன்றாம் பாகத்தில், தாயை இழந்த பெண் சமையலறையில் தனியாக நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. மங்கா எனப்படும் இந்தப் படக்கதைகளில் அமைதிக்கும் படத்தின் மேலேயே ஒலிக்குறிப்பு எழுதுவார்கள். பிரெஞ்சுப் பதிப்பிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்த நான் அங்கேயே பல நாள் நின்றுவிட்டேன். எதை எழுதினாலும் அமைதி கலைந்தது. கடைசியில் அந்த எழுத்துகளை அழித்து, அவை மறைத்திருந்த சுவரையும் பாத்திர அடுக்கையும் நானே வரைந்து, சொல் எதுவும் இல்லாமல் விட்டேன்.

நேற்று முதலியார்பேட்டையில் எங்கள் பதிப்பகத்துக்குள் ஒருவர் நுழைந்தார். கடைகளிலிருந்து திரும்பி வந்த கட்டுகளைப் பதிப்பாளர் ஆரோன் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாசக் கண்ணாடி வழியா இந்த அட்டய பாத்தேன். இத தமிழ்ல பண்றது யாரு?”

“மெரின். இவங்கதான்” என்றார் ஆரோன்.

“மேடம், நான் இளஞ்செழியன். நாலு பாகமும் படிச்சிட்டேன். அழுதுட்டேன்.”

அவர் மூன்றாம் பாகத்தை எடுத்துப் புரட்டி, சரியாக அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார்.

“இங்க ஒரு வார்த்த உட்டுட்டீங்களே. டெலிகிராம்ல கரெக்டா இருக்கு.”

கைப்பேசியை நீட்டினார். என் வசனங்கள். நான் வரைந்த சுவர். அதன்மேல் சிவப்பில் ‘நிசப்தம்!’ கீழே, எங்கள் புத்தகங்களை ஸ்கேன் செய்து டெலிகிராமில் போடும் குழுவின் முத்திரை. என் பெயர் இருந்த பக்கத்தைக் காணோம்.

“அப்போ புக்கு ஒண்ணுகூட வாங்கல?” என்றார் ஆரோன்.

“எல்லாம் போன்லயே வந்துடுதே சார். ஸ்கேன் பண்றவங்களும் பாவம், ஃப்ரீயாதான் செய்றாங்க.”

“ஆமா, அவங்க பாவம். நாங்கதான் தின்னு கொழுத்துக் கெடக்கோம்” என்று ஆரோன் ஒரு கட்டைத் தொப்பென்று போட்டார்.

“கோவப்படாதீங்க சார். கடைசி பாகம் எப்போ?”

“வராது. நாலாவது விக்கல. அஞ்சாவதுக்கு உரிமை தரமாட்டோம்னு ஜப்பான்ல சொல்லிட்டாங்க. இவங்க மொத்தத்தயும் எழுதி முடிச்சிட்டு உக்காந்திருக்காங்க.”

இளஞ்செழியன் முகம் மலர்ந்தது.

“அப்போ ஃபைல் இருக்குமே மேடம்! குரூப்ல போடுங்க. உங்களுக்கும் பேரு கெடைக்கும்.”

என் பெயரைக் கிழித்தெறிந்த இடத்தில் எனக்குப் பெயர்.

“சரி, அந்தப் பொண்ணு கடைசில அம்மா வீட்டுக்குத் திரும்புறாளா? அதயாவது சொல்லுங்க.”

எனக்குத் தெரியும். அந்தப் பக்கங்களை எழுதியபோது நானும் அழுதேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே ஒரு பேருந்து நின்று, ஆள் ஏற்றி, போயும்விட்டது.

“மேடம்?”

“இங்க ஒரு வார்த்த உட்டுப்போச்சு” என்றேன். “உங்க குரூப்ல கரெக்டா போட்டுக்குவாங்க.”