உடைந்த பலகையில் ஒரு வரி

“பரீட்சையில முதல் தடவை கோட்டை விட்டாச்சு. இதுவும் போனா படிப்பே போச்சு.”

“புலம்பாம பாடத்தைச் சொல்லுங்க அண்ணி,” என்றாள் துணி தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார். “ராஜா கோவிச்சுக்கிட்டான். அப்புறம்?”

“குதிரைகளைத் திருப்பிக் கொடுன்னு பக்கத்து நாட்டு ராஜாகிட்ட தூதனை அனுப்பினான்.”

“கொடுத்தானா?”

“உன்னால ஆனதைப் பாத்துக்கோன்னு தூதனைத் துரத்திட்டான்.”

“எங்க அண்ணன்கிட்ட நான் குடையைத் திருப்பிக் கேட்ட மாதிரியே இருக்கு!”

அண்ணி பழைய மொழிகளின் வரலாற்றில் முதுகலை படிக்கிறாள். ஹிட்டைட் என்றொரு மொழி. அதைப் பேசிய கடைசி ஆள் போய்ச் சேர்ந்து மூவாயிரம் ஆண்டு இருக்கும். தேர்வில் அந்த மொழியில் எழுதிய களிமண் பலகை ஒன்றின் படத்தைக் கொடுப்பார்கள். பேராசிரியர் எதிரே வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். எந்தப் பலகை வருமோ என்ற பயத்தில், பாடப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பை முழுசாக நெட்டுருப் போட்டுவிட்டாள்.

மறுநாள் ராஜா கதையே வந்தது. விரல் வரிகள்மேல் ஓட, மடமடவென்று ஒப்பித்தாள்.

“கடைசி வரி எங்கம்மா இருக்கு?” என்றார் பேராசிரியர்.

“இதோ சார்.”

“அங்க பலகையே உடைஞ்சிருக்கு. ஒரு எழுத்துகூட இல்ல.”

விரலை எடுத்துக்கொண்டாள். “மனப்பாடம் பண்ணிட்டேன் சார்.”

“தெரியுது. புத்தகத்துல அந்த வரி நான் ஊகிச்சு எழுதினது. பிரமாதமா ஒப்பிச்சே! இப்ப புத்தகத்தை மறந்துட்டு, முதல்லேர்ந்து படி.”

திக்கித் திணறிப் படித்தாள். இரண்டு இடத்தில் முழித்தாள்.

“அகராதி பாக்கலாமா சார்?”

“கேக்காம இருந்திருந்தா ஃபெயில் போட்டிருப்பேன்.”

உடைந்த இடத்துக்கு வந்ததும் குனிந்து உற்றுப் பார்த்தாள். மேல் வரியையும் ஓட்டையையும் விரலால் மாறி மாறி அளந்தாள்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இந்த ஓட்டையில நாலு எழுத்துதான் பிடிக்கும். உங்க வரி இதுல அடங்காது.”

பேராசிரியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். பிறகு மேசை அதிரச் சிரித்தார்.

வெளியே வந்தவளை, துணைக்கு வந்திருந்த நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “உள்ள என்ன சிரிப்பு?”

“அவர் எழுதினதை அவர்கிட்டயே தப்புன்னு சொல்லிட்டேன்.”

“அய்யய்யோ! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?”

“பாஸ் போட்டுட்டார்டி.”

“அதை முதல்ல சொல்லித் தொலைச்சா என்ன!” என்று முதுகில் ஒன்று வைத்தாள் நாத்தனார்.