வாட்டசாட்டமானவருக்குக் கீழ்ப்பக்கம்

1

இந்தக் கதை ஒரு சொல்லின் மேல் வந்த எரிச்சலில் பிறந்தது. சொல், 'வாட்டசாட்டம்'. உயரமும் அகலமும் ஒருசேர அமைந்த உடம்பைச் சொல்வது. மாப்பிள்ளை பார்க்கும்போது சொன்னால் பாராட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கும்போது சொன்னால் உத்தரவு. நான் எழுதப் படிக்கப் பிந்திக் கற்றதால் ஒரு சொல்லைச் சட்டென்று தாண்டிப் போக இன்னும் பழகவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தூண் போன்ற கால்களும் மலை போன்ற தோள்களும் உடைய அவர்...'

அடித்துவிட்டேன். தூணுக்கு இடுப்பு வலிக்காது.

அவர் வீடு மாற்றும் லாரியில் சாமான் ஏற்றி இறக்குபவர். கூட்டாளிகள் வைத்த பெயர் பயில்வான். படியில் பீரோ ஏறும்போது பாரம் முழுக்கக் கீழே நிற்பவர் மேல்தான் சாயும். மேலே இருப்பவர் பிடித்துத் திருப்பினால் போதும். யார் கீழே என்று பேச்சே எழாது. வாட்டசாட்டமானவர் கீழே.

[இது எங்கும் எழுதிவைத்த சட்டமில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.]

3

சில வாரங்களாக வலி இடுப்பில் வெட்டி இடது கால்வரை இறங்குகிறது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இனிமே பாரம் தூக்கினா கால் விளங்காமப் போயிடும்" என்றார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

"முடியலன்னு வாயத் திறந்து சொல்லுங்களேன்."

"சொன்னா சிரிப்பானுங்க."

"சிரிச்சுட்டுப் போறானுங்க. நாளைக்குப் படுத்துட்டா, அவனுங்களா வந்து உங்களப் புரட்டிப் போடுவானுங்க?"

(மனைவியை முதலில் அழவைத்திருந்தேன். அவள் அதற்கு ஒத்துவரவில்லை. வெந்நீர்ப் பையைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.)

4

இன்று மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. இரும்பு பீரோ. ஈர்க்குச்சி என்கிற ஒல்லிக் கூட்டாளி வழக்கம்போல் மேல்படிக்குப் போய்விட்டான்.

"வாண்ணே, கீழ புடி."

"இன்னிக்கு ஒரு நாள் நீ கீழ நில்லேன்டா."

"நானா? அப்பளமா நொறுங்கிருவேன்! ஏண்ணே, உன் உடம்பக் கண்ணாடில பாத்ததே இல்லியா?"

வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மாவும் சிரித்தார். "அவருக்கென்ன, எவ்வளவு வாட்டசாட்டமா இருக்காரு!"

பயில்வானின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

[இந்த வரியை அடித்து அடித்துப் பார்த்தேன், திரும்ப வந்து நிற்கிறது. எனக்கு எரிச்சலான சொல் அவருக்குப் பிடித்திருக்கிறது. நான் என்ன செய்ய?]

5

ஒரு முடிவு: "என்னால முடியாதுடா" என்கிறார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் லாரியில் அவர் இடத்தில் வேறொரு அகலமான ஆள்.

இன்னொன்று: தூக்குகிறார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இடது கால்...

இல்லை. இதை எழுதக் கை வரவில்லை.

இப்போது அவர் குனிந்து பீரோவின் அடியில் விரல் கொடுத்துவிட்டார். இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் அவர் தூக்கியாக வேண்டும். நான் பேனாவை மூடிவிட்டேன். எழுதத்தான் வேண்டும் என்பவர்கள், மேல்படியில் நிற்பவனைக் கீழே இறக்குவதிலிருந்து தொடங்குங்கள்.