கட்லட் உருட்டிய ஞாயிறு

சுவிஸில் உள்ள வில் என்ற நகரத்துக்கு வந்த புதிதிலேயே சந்திரமதி கையைச் சுட்டுக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, முன்னமே அங்கே வந்துவிட்ட கணவன் குகநாதனிடம் அவள் வந்து சேர்ந்தது எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில். அதுவரை விறகடுப்பில் சமைத்தவள். விறகு எரிந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கறண்ட் அடுப்பின் கறுப்புத் தட்டுகளோ நிறுத்திய பிறகும் சூட்டை உள்ளே வைத்துக்கொண்டு, ஆறிப்போனவைபோல் கிடந்தன. ஒரு மத்தியானம் அடுப்பைத் துடைக்கப் போனவள் வலது உள்ளங்கையை அப்படியே தட்டின் மேல் ஊன்றிவிட்டாள்.

பற்பசை பூச ஓடியவளைக் குகநாதன் மறித்து, குழாய்த் தண்ணீருக்குக் கீழே கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு டொக்டரிடம் போய்க் கட்டுப் போட்டார்கள். நோவைவிட வேறொன்றுதான் அவளை உலுப்பியது. வளர்ந்த தனக்கே தெரியவில்லையென்றால் நாலு வயதுத் தவச்செல்வனுக்கு எப்படித் தெரியும்? அன்றோடு பிள்ளைகள் அடுப்புள்ள குசினிக்குள் வரக்கூடாது என்றாகிவிட்டது. வெளியே பனி, உள்ளே இரண்டே அறை. மூத்தவள் யசோதராவும் தம்பியும் குசினி வாசலில் நின்று நின்று அலுத்துப்போனார்கள்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. குகநாதனின் வேலைத்தலத்து மேற்பார்வையாளர் எக்லியையும் அவர் மனைவியையும் அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்னொரு நாளைக்கு வரச் சொல்லலாம் என்றாள் சந்திரமதி. குகநாதன் கேட்கவில்லை.

"நான் சமைக்கிறன். நீர் கதிரையில இருந்து சொல்லும். உருட்டுற வேலைக்குப் பிள்ளையள் இருக்கினம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் தேத்தண்ணீர் போடக்கூடத் தெரியாத மனிதர். "நீங்கள் சமைப்பியளோ?"

"இஞ்ச தனிய இருக்கேக்க எனக்கு ஆர் சமைச்சுத் தந்தது?"

அவள் சம்மதித்தாள். ஆனால் பிள்ளைகளை அடுப்புக்குப் பக்கத்தில் விடமாட்டேன் என்றாள். குகநாதன் வேலைப் பையிலிருந்து சிவப்பு ஒட்டு ரேப் சுருளை எடுத்து, அடுப்பிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நிலத்தில் குறுக்கே ஒரு கோடாக ஒட்டினான். அடுப்புப் பக்கம் அப்பா மட்டும். மேசைப் பக்கம் மற்ற எல்லாரும். கத்தி அப்பாவிடமே இருக்கும். சட்டிப்பிடிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். சந்திரமதி ஒற்றைக் கையால் பிள்ளைகளின் கைகளைக் கழுவி, சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டாள்.

சோறும் பருப்பும் கோழிக்கறியும் தயாராகிவிட்டன; மிச்சம் கட்லட்தான். அவன் வெங்காயம் நறுக்கிய வேகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்கை யசோதரா மசித்தாள். தகர ரின்னில் அடைத்த மீனை அம்மா சொன்னபடி முள் பார்த்துக் கலந்தாள். தவச்செல்வன் உருட்டினான். அவனுடைய உருண்டைகளில் சில பெரிது, சில நீளம். ஒன்றுக்கு மூக்கும் வைத்தான். உருட்டியவற்றை யசோதரா காய்ந்த ரொட்டியைப் பொடித்த பாண் தூளில் பிரட்டித் தட்டில் அடுக்க, கோட்டருகில் வந்து அப்பா வாங்கிக்கொண்டான்.

முதல் பாதி பொரிந்துகொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். குகநாதன் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பினான்.

"எண்ணெயை விட்டுட்டுப் போகாதேங்கோ," என்றாள் சந்திரமதி.

அவன் நின்றுவிட்டான். யசோதரா கதவைத் திறக்க ஓடினாள். ஆட்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் பொரித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், மிச்ச உருண்டைகள் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு தவச்செல்வன் கோட்டைத் தாண்டி அடுப்பை நோக்கி ஓடினான். குகநாதன் இரண்டு கையாலும் மகனை அள்ளி மேசைப் பக்கம் இறக்கினான். தட்டு விழுந்தது. உருண்டைகள் நாலா பக்கமும் உருண்டன. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குகநாதன் உடனே அடுப்பை நிறுத்தி, சட்டியைப் பின்தட்டுக்குத் தள்ளி மூடினான்.

தவச்செல்வன் பயந்து அழவில்லை. கட்லட்டுக்காக அழுதான்.

எக்லியும் மனைவியும் குசினி வாசலுக்கு வந்தபோது குகநாதன் நிலத்தில் தவழ்ந்து உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தான். எக்லியின் மனைவி போட்டுவந்த குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் குந்தியிருந்து தானும் பொறுக்கினாள். மேசைக்கடியில் கிடந்ததை எடுக்க எக்லியும் குனிந்தார். வேலைத்தலத்தில் சிரித்தே அறியாத அந்த மனிதர், மேசையில் தலையை இடித்துக்கொண்டு சிரித்தார்.

நிலத்தில் விழுந்தவை குப்பைக்குப் போயின. ஏற்கெனவே பொரித்தவற்றை வைத்துச் சாப்பிட்டார்கள். மூக்கு வைத்த கட்லட் அவற்றுள் தப்பியிருந்தது. அதைத் தவச்செல்வன் தானே எடுத்து எக்லியின் தட்டில் வைத்தான். அவர் மூக்கிலிருந்து தொடங்கினார். காரத்தில் கண் கலங்கினாலும் இன்னொன்று கேட்டார்.

சாப்பாட்டின் நடுவே எக்லியின் மனைவி சந்திரமதியின் கைக்கட்டைக் காட்டி என்னவென்று விசாரித்தாள். குகநாதன் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னான். அவள் எழுந்து போய், ஒரு சட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, சூடு ஆறாத அடுப்புத் தட்டின் மேல் வைத்துக் காட்டினாள். தங்கள் வீட்டில் அடுப்பை நிறுத்தியதும் இப்படித்தான் வைப்பார்களாம். சட்டி இருக்கிற இடத்தில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். மொழிபெயர்க்காமலே சந்திரமதிக்கு அது விளங்கியது. இடது கையால் அவளுடைய கையைப் பிடித்து "டாங்க" என்று நன்றி சொன்னாள். அவளுக்கு அதுவரை வாயில் வந்த ஜெர்மன் அதுதான்.

கை ஆறிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் கட்லட் நிற்கவில்லை. பொரிக்கிற வேலையைக் குகநாதன் திருப்பிக் கொடுக்கவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. மேசைப் பக்கம் பிள்ளைகளோடு இருந்து உருட்டுவது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவள் உருட்டியவை வட்டமாக இருக்கின்றன என்று தவச்செல்வன் மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.