ஸ்டிக்கருக்குள் யார்?

ஒரகடத்துத் தொழிற்சாலை வாசலில், உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று, செல்போன் கேமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் செக்யூரிட்டி யாரையும் உள்ளே விடுவார். அன்று காலை ஜோயல் மட்டும் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"ஒட்டாதீங்க சார். அதுக்குள்ள மைக் வச்சி நான் பேசறத கேக்குறாங்க."

"சரியான பாரனாய்டு பார்ட்டிடா இவன்! எதப் பாத்தாலும் சந்தேகம்!" என்றான் வரிசையில் நின்ற சக்திகுமார். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் காசிராஜன். ஜோயலோடு ஆறு வருஷமாக ஒரே அசெம்பிளி லைனில் வேலை செய்பவன்.

ஜோயல் அப்படியே வீடு திரும்பிவிட்டான். நாலு நாள் வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொன்னதும்தான் காசிராஜனின் சிரிப்பு அடங்கியது. ஒரு ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, படப்பையில் இருந்த ஜோயல் வீட்டுக்குப் போனான். கண்ணால் பார்த்தால் தெளிந்துவிடுவான் என்று நினைத்தான், பாவம்.

கத்தரிக்கோலால் அதைத் துண்டு துண்டாக வெட்டினான். "பாரு மச்சான், வெறும் காகிதம், பசை. இன்னா கீது இதுல?"

ஜோயல் துண்டுகளைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தான். "உன்னையும் அனுப்பிட்டாங்களா?"

காசிராஜன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினான். ஜோயலின் மனைவி ஷாரோன் வாசல் வரை கூடவே வந்தாள். "மூணு வாரமா தூங்கல அண்ணே. நான் போடுற சோத்தக்கூட மோந்து பாத்துட்டுதான் துன்றாரு. டாக்டராண்ட கூப்ட்டா வரமாட்றாரு."

"தூக்கம் வரதுக்குன்னு கூப்புடு தங்கச்சி. அது பொய் இல்லியே. நானும் வரேன்."

தூக்கம் என்றதும் ஜோயல் எழுந்து வந்தான். அவ்வளவு களைத்திருந்தான்.

அரசு மருத்துவமனையில், வாசலில் நடந்த கேலி உட்பட எல்லாவற்றையும் காசிராஜன் சொல்லக் கேட்ட மனநல மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: "சந்தேகம் எல்லாருக்கும் வரும்; ஆதாரம் காட்டினா போயிடும். இவருக்கு நீங்க காட்டுற ஆதாரமே எதிரியோட வேலையா தெரியுது. நீங்க கிண்டலா சொல்ற அந்த 'பாரனாய்டு'ங்கிற பேரு, எங்களுக்கு வியாதியோட அறிகுறி. வாதாடாதீங்க, கூட இருங்க. மருந்து கேக்கும்."

அவர் எழுதித் தந்த விடுப்புச் சீட்டு வேலையைக் காப்பாற்றியது. இரண்டு மாதம் கழித்து, நன்றாகத் தூங்கியெழுந்த முகத்தோடு ஜோயல் கம்பெனி பஸ்ஸில் ஏறினான்.

"இன்னா பாரனாய்டு, வந்துட்டியா?" என்றான் சக்திகுமார்.

காசிராஜன் எழுந்துவிட்டான். "டேய், சக்கர வியாதிக்காரன இப்டி சிரிப்பியா? வியாதி பேர வச்சி கேலி பண்ணா, வியாதி வந்தவன் வாயத் தொறக்க மாட்டான்டா. டாக்டராண்ட போவவும் மாட்டான். அவன் வாழ்க்கைய நம்ம சிரிப்பே முடிச்சிடும்."

சக்திகுமார் தலைகுனிந்தான். "தப்புதான் ஜோயலு."

ஜோயல் ஒரு சீட்டில் உட்கார்ந்து, நகர்ந்து, பக்கத்தில் சக்திகுமாருக்கு இடம் கொடுத்தான். "அத விடு. ஒம்போது மணிக்கு எனக்கு மாத்திர. மறந்துட்டன்னா நீ ஞாபகப்படுத்து."