விழுந்ததும் நடித்ததும்

கடைசிப் படத்தின் கடைசிக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி மயங்கி விழுந்தாள். அந்த வாரமே மருத்துவமனையில் இறந்துபோனாள். இதய வால்வில் கோளாறு. யாருக்கும் தெரியாது, அவளுக்கும்.

சில மாதங்கள் கழித்து இயக்குநர் போன் செய்தார். படம் வெளியே போகும் முன் குடும்பம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். நானும் என் மாமியாரும் போனோம். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மகளின் எந்தப் படத்தையும் அத்தை முழுதாகப் பார்த்ததில்லை. "ஒரு படத்துலயாவது வயிறு நெறையச் சாப்பிட்டிருக்காளா? பாத்தா எனக்குப் பசிக்குது" என்பார்.

அத்தை சொன்னதில் தப்பில்லை. ஒரு படத்தில் செங்கல் சுமந்தாள். ஒன்றில் பாத்திரம் கழுவினாள். ஒன்றில் படம் முழுக்க ஒரு அலுவலகத்தின் வெளியே காத்திருந்தாள். எந்தப் படமும் இரண்டாவது வாரம் ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் விருது வந்தது. தெருவில் அவளை அடையாளம் கண்டவர்கள் குறைவு. கண்டவர்கள் எல்லோரிடமும் ஒரே பாராட்டுதான் இருந்தது: "நீங்க நடிக்கவே இல்ல மேடம், வாழ்ந்துட்டீங்க."

அவள் அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கத்துவாள். "ஒரு தச்சர்கிட்ட போய், நீங்க செய்யவே இல்ல, நாற்காலியாவே வாழ்ந்துட்டீங்கன்னு எவனாவது சொல்வானா? நான் வேலை செஞ்சிருக்கேன்டா. வேலை."

இந்தப் படத்தில் அவள் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் துணி தேய்ப்பவள். கடைசிக் காட்சியில் தேய்த்தபடியே விழுந்து சாக வேண்டும். அதற்காக உண்மையான சலவைக் கூடத்தில் போய் நின்று கற்றுக்கொண்டாள். மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாள். வீட்டில் என் சட்டைகளை எடுத்துத் தேய்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் மடிப்புக் கலையாத சட்டை போட்டது அந்த நாட்களில் மட்டும்தான். தேய்த்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று விழுவாள். எழுந்து, "இப்ப எப்படி?" என்பாள். நான் நன்றாக இருந்தது என்பேன். "உனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும், நகரு" என்று மறுபடி விழுவாள்.

படத்தொகுப்பு அறை சிறியது. கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரை, இரண்டு ஒலிபெருக்கி, பழைய சோபா. தொகுப்பாளர் என் வயதுப் பெண். வணக்கம் சொன்னவர் அதன்பின் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இயக்குநர் எங்களுக்குக் காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கட் சொல்லமாட்டார். காட்சி முடிந்த பிறகும் கேமரா ஓடும். நடிகர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போதுதான் உண்மை வெளியே வருகிறது என்று பேட்டி கொடுப்பார். யூனிட்டில் அவருக்கு 'தொடரும்' என்று பட்டப்பெயர். வைத்தது என் மனைவி.

படம் ஓடியது. கடைசிக் காட்சி வந்தது. வரிசையாக விளக்குகள், நீளமான மேசை, வெள்ளைச் சட்டைகள். அவள் தேய்க்கிறாள். கை பாதியில் நிற்கிறது. மேசையின் ஓரத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள், கிடைக்கவில்லை. விழுகிறாள். வாய் திறந்து மூடுகிறது. ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. கேமரா அசையவில்லை. ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு திரை இருண்டது.

நான் கேட்டேன். "இது அன்னைக்கு எடுத்ததா?"

"ஆமா பிரதர்." குரலைத் தாழ்த்தினார். "அவங்க வாழ்க்கையிலயே இதுதான் உச்சம். இதுக்கு மேல ஒரு நடிப்பு கிடையாது."

அந்த நேரத்துக்குள் யாராவது ஓடியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். நான் இவரைக் கொலைகாரர் என்று சொல்லவில்லை. என் கோபம் வேறு. வாழ்நாள் முழுக்க அவள் நடித்ததை எல்லாம் நடிப்பே இல்லை என்றார்கள். அவள் நடிக்காத ஒரே ஒரு தடவையை உச்ச நடிப்பு என்கிறார்.

"இதுக்கு முன்னாடி எடுத்தது இருக்குமே. அவ நடிச்சு விழுந்தது. அதப் போடுங்க."

"அது நல்லா இருக்கு. ஆனா இது உண்மை."

அத்தை டீயைக் கீழே வைத்தார். "உண்மை வேணும்னா ஆஸ்பத்திரி வாசல்ல போய் கேமராவ வைங்க தம்பி. நாள் முழுக்க வரும். சம்பளம்கூடக் கேக்கமாட்டாங்க."

"அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது."

"எங்க வருத்தத்த நாங்க பாத்துக்கறோம். பழசக் காட்டுங்க."

இயக்குநர் பதில் சொல்வதற்குள் தொகுப்பாளர் அதை ஓடவிட்டார்.

அதே மேசை, அதே சட்டைகள். கை பாதியில் நிற்கிறது. கண் ஒரு கணம் எங்கோ போய்த் திரும்புகிறது. விழப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முதலில் இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கி நிமிர்த்தி வைக்கிறாள். பிறகுதான் விழுகிறாள். உயிர் போகிற நேரத்திலும் முதலாளியின் சட்டை கருகக் கூடாது. அந்தப் பெண்ணின் மொத்த ஆயுளும் அந்த ஒரு கையசைவில் இருந்தது.

நான் மறுபடி முதலில் பார்த்ததைக் காட்டச் சொன்னேன். இப்போது எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம். அவள் விழுகிறாள். பெட்டி சட்டையின் மேல் கவிழ்ந்தபடி கிடக்கிறது. கிடக்கிறது. கிடந்துகொண்டே இருக்கிறது.

"அந்தச் சட்டை ஏன் கருகல?" என்றார் அத்தை.

பெட்டியில் சூடு இல்லை. படப்பிடிப்பில் அதற்கு மின்சாரம் கொடுக்கவில்லை. படம் முழுக்க அந்தப் பெட்டியைச் சுட வைத்தது அவள்தான். அதைத் தூக்கும்போது முழங்கையை விலக்கிக்கொண்டதில், மூச்சைப் பிடித்துக்கொண்டதில், அவ்வப்போது முகத்தைத் திருப்பியதில் அது கொதித்தது. அவள் நடிக்காமல் விழுந்ததும் அது வெறும் இரும்பாகிவிட்டது.

"அதெல்லாம் யாரும் கவனிக்கமாட்டாங்கம்மா" என்றார் இயக்குநர்.

"நான் கவனிச்சேனே. எனக்கு ஒரு கண்ல புரை வேற."

அவர் தாடியைத் தடவினார். பிறகு தொகுப்பாளரிடம், "கிராபிக்ஸ்ல கொஞ்சம் புகை விட்டுடலாமா?" என்றார்.

தொகுப்பாளர் முதல் முறையாகத் திரும்பினார். "உண்மைக்கா சார்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போனதிலிருந்து எனக்கு எதுவும் சரியாக வருவதில்லை. ஆனால் அந்த இடத்தில் ஏதோ சுட்டது. எழுந்து நின்றேன்.

"சாகக் கிடந்தவ மேல புகை போடப்போறீங்க. அவ செஞ்சு கொடுத்தது பக்கத்துலயே இருக்கு. அத எடுக்க மனசு வரல. ஏன் சார்? அது அவளோடதுங்கறதாலயா? இதுல நீங்க கட் சொல்லாம இருந்தீங்க, அதனால இது உங்களோடதா?"

அவர் தொகுப்பாளர் பக்கம் திரும்பினார். இரண்டையும் ஒலி இல்லாமல் அடுத்தடுத்து ஓட்டச் சொன்னார். பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, எனக்கு எரிச்சலே அதுதான்.

"பழசையே போடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

முன்னோட்டக் காட்சிக்கு அழைத்தார்கள். இருநூறு இருக்கை இருக்கும் அரங்கம், பத்திரிகைக்காரர்கள், விமர்சகர்கள். படம் முடிந்து விளக்கு வந்ததும் இயக்குநர் மைக்கைப் பிடித்தார். அவள் உண்மையிலேயே விழுந்த காட்சி தன்னிடம் இருக்கிறது என்றார். அரங்கம் மூச்சை இழுத்தது. "கலைஞனா எனக்கு அதுதான் வேணும். ஆனா குடும்பத்தோட துக்கத்த மதிச்சு அத விட்டுக் கொடுத்தேன். நீங்க பாத்தது தரத்துல அதுக்கு அடுத்ததுதான்" என்றார். கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். பல தலைகள் எங்கள் பக்கம் இரக்கத்தோடு திரும்பின.

நான் எழுந்தேன். மைக் யாரும் கொடுக்கவில்லை.

"எங்க துக்கத்துக்காக எதையும் விடல. அவ நடிச்சது மத்தத விட நல்லா இருந்துச்சு. அதனால வெச்சாங்க."

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "புரியுது. உக்காருங்க, உக்காருங்க" என்றார், குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில். இயக்குநர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்துகொண்டார்.

நான் உட்காரப் போனேன். அத்தை என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாப்பிள்ள, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.