பதினைந்து நிமிஷ ஒத்திகை

ஜெயிலுக்குப் போக எந்தச் சட்டை பொருத்தம் என்று யாரிடம் போய்க் கேட்பது? கல்யாணத்துக்குப் போட்டது மினுமினுக்கிறது. துக்கத்துக்குப் போட்டதைத் தொடவே மனசு வரவில்லை. மாஸ்டர் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக நின்றார்.

"எதையாவது எடுங்க மாமா. உங்களை என்ன மாப்பிள்ளை பார்க்கவா வர்றாங்க?" என்றாள் மருமகள். "பெல்ட் மட்டும் வேண்டாம். வாசல்லயே கழட்டச் சொல்லுவாங்க."

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். இருபத்தெட்டு வருஷமாக ஊரில் பாதிப்பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், பஸ்ஸில் போனாலும் சரி, சோபாவில் சாய்ந்தாலும் சரி, வலது கால் எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கும். அவருடைய ஒரே மகன் குடித்துவிட்டு வீட்டுக் காரை ஓட்டிய அன்று மட்டும் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்த ஒரு மனிதர் அதில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். மகனுக்கு மூன்று வருஷம் கிடைத்தது.

மருமகள் நாலு மாசமாக, மாசம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். மாஸ்டருக்குத்தான் ஒவ்வொரு மாசமும் ஒரு சாக்கு கிடைத்தது. முதலில் முட்டிவலி, பிறகு யாருக்கோ லைசென்ஸ் டெஸ்ட், பிறகு காய்ச்சல். போன தடவை மகன், "அப்பா வரவே மாட்டாராமா?" என்று கேட்டானாம். அதற்குமேல் எந்த முட்டியும் வலிக்க முடியாது. நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டு பேருமாகப் போவதென்று முடிவாயிற்று.

போய் என்ன பேசுவது என்பதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. பதினைந்து நிமிஷம்தான். நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர்.

"முதல் தடவை நான் அழுதே பாதி நேரத்தைத் தீர்த்துட்டேன்," என்றாள் மருமகள். "நீங்க ஒரு தடவை பேசிப் பாத்துடுங்க."

அவள் பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்டரில் வேலை பார்ப்பவள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்வது அவளுக்குப் புதிதில்லை. செல்போனில் பதினைந்து நிமிஷம் மணி வைத்துவிட்டு, பின்பக்கம் போய், சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் போனுக்குக் கூப்பிட்டாள். உள்ளே மாஸ்டர் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றாள், மகனாக.

"நேரா உட்காரு."

"மாமா!"

"சரி, சரி. வேளாவேளைக்குச் சாப்பிடு. யார்கிட்டயும் வாயைக் கொடுக்காதே. சீக்கிரம் தூங்கு."

"இடது பக்கம் திரும்பு, கையைக் காட்டு, அதையும் சொல்லிடுங்க." அவள் சிரித்துவிட்டாள். "மனசுல இருக்கிறதைப் பேசுங்க மாமா."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். சாயங்கால வெயில் கண்ணாடியில் பட்டு, அவள் முகம் தெரியவில்லை. தலையும் தோளும்தான் தெரிந்தன. நாலு மாசமாக அழுத்தி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஏன்டா அப்படிச் சொன்னே? அப்பா தூங்கிட்டிருந்தார், ஆணியில மாட்டியிருந்த சாவியை நானே எடுத்தேன்னு கோர்ட்ல ஏன்டா சொன்னே? நான் எங்கடா தூங்கினேன்? நீ குடிச்சிட்டு வந்து சாவி கேட்டுக் கத்தினே. பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்ப்பாங்களேன்னு, எங்கேயாவது போய்த் தொலைன்னு நான்தானேடா சாவியை எடுத்துக் கொடுத்தேன்? ஊருக்கெல்லாம் பிரேக் போட்டவன் உனக்குப் போடலையே. லைசென்ஸ் போயிடும், வேலை போயிடும்னு பயந்து, கோர்ட்லயும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேனேடா."

விக்கி விக்கி அழுதார். அழுது ஓய்ந்த பிறகுதான், அந்தப் பக்கம் இருப்பது மகன் இல்லை என்பது உறைத்தது. சாவி கொடுத்த அன்றைக்கு அவள் கவுன்டரில் வேலையில் இருந்தாள். கோர்ட்டில் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

"வைக்காதீங்க." அவள் குரல் மாறியிருந்தது. "நாலு மாசமா உங்களுக்குச் சோறு போடுறேன். ஒரு வார்த்தை சொல்லலையே மாமா."

"தைரியம் வரலைம்மா."

"ஒவ்வொரு தடவையும் போய் அவரைத் திட்டுறேன். தூங்கிட்டிருந்த பெரிய மனுஷனை ஏமாத்திச் சாவியை எடுத்துட்டீங்களேன்னு திட்டுறேன். போன மாசம் திருடன்னே சொல்லிட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டாரு மாமா. திருப்பி ஒண்ணும் சொல்லலை."

போனில் ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டரின் வலது கால் சமையலறைத் தரையை அழுத்தியபடி இருந்தது. கடைசியில் மணி அடித்தது.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலில் குவிந்து கிடந்த சட்டைகளில் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து விரித்து, இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

"நாளைக்கு முதல்ல இதைத்தான் சொல்லணும். சாப்பிடு, தூங்குன்னு ஆரம்பிக்கக் கூடாது."

"சொல்றேம்மா."

காலரைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்புறம் ரிசீவர் என் கைக்கு வருமே. நான் என்ன மாமா பேசுறது?"

இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர், அவள் பக்கத்தில் போய் நின்றார். காலர் கருகிவிடாமல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார்.