தொப்பென்ற பாறை

பார்வையிடும் குழு வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கல்லுடைக்கிறவர் கடப்பாரையின் மழுங்கிய முனையால் பாறைச் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். கணீர், கணீர். பின்னால் அவர் மனைவி சருகையும் முள்ளையும் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சுவரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கக் கேட்டிருந்தார்கள். அதற்காகக் குவாரியை மூடி எட்டு மாதமாகிறது. பட்டியலில் ஏறினால் ஒரு காவலாள் வேண்டும். நெஞ்சில் கல்தூசி அடைந்துவிட்ட அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை அது ஒன்றுதான். தருவதாக அந்த இடத்துப் பொறுப்பாளர் சொல்லியிருந்தார்.

ஓரிடத்தில் பாறை தொப்பென்றது; உள்ளே பிடிப்பு விட்டிருந்தது. கல்லாகிப்போன சிப்பிகள் ஒட்டியிருந்த பலகைப்பாறை. அதற்கு நேர் கீழே விருந்தினருக்கு நாற்காலி போட்டு, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"சாரைக் கேட்டுட்டுச் செய்யுங்க," என்றாள் மனைவி.

"கேட்டா தொடாதேம்பாரு. தலையில விழுந்தப்புறம் யாரைக் கேக்கறது?"

இருபத்தாறு வருடத்தில் தொப்பென்ற பாறைக்குக் கீழே அவர் யாரையும் நிற்கவிட்டதில்லை. நாற்காலிகளை நகர்த்தக்கூடத் தோன்றவில்லை. விரிசலில் கடப்பாரையைச் செருகிச் சாய்ந்தார். பலகை சரிந்து துண்டு துண்டானது. இரண்டு நாற்காலிகள் நசுங்கின.

பொறுப்பாளர் ஓடிவந்தார். "கோடி வருஷம் நின்னது உன் கையாலதான் விழணுமா?"

"நாற்காலியப் பாருங்க சார். ஆள் உக்காந்திருந்தா..."

"காவலுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். கயித்துக்கு அந்தப் பக்கம் போ. அந்தம்மா இதையெல்லாம் அள்ளிப் பின்னால கொட்டட்டும்."

"கை சும்மா இருக்காதே இந்த மனுஷனுக்கு," என்று முனகியபடி அவள் சிப்பி வெளியே தெரியாதபடி கவிழ்த்துக் கற்களைக் கூடையில் அடுக்கினாள். கடைசிக் கூடை போனபோது வண்டிகள் வந்துவிட்டன.

பலகை விட்டுப்போன இடத்தில், தாம்பாள அகலத்துக்கு, வரி வரியாக, கல்லாகிப்போன ஒரு சங்குச்சுருள் வெளிப்பட்டிருந்தது. குழுவில் மூத்தவர் அதைப் பார்த்ததும் மண்டியிட்டுவிட்டார்.

"போன வார மழையில தானா விழுந்துச்சு," என்றார் பொறுப்பாளர். "இயற்கையே திறந்து காட்டியிருக்கு."

எழுதிக்கொண்டார்கள். படம் எடுக்கும்போது அளவு தெரிய ஏதாவது வேண்டுமென்றார் மூத்தவர். சுவரில் சாய்ந்திருந்த கடப்பாரையைப் பொறுப்பாளர் எடுத்து, பிடிக்கிற இடத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்து, சுருளுக்கு அடியில் வைத்தார்.

"அந்த ரெண்டு பேரும் படத்துல விழறாங்க," என்றார் படம் எடுத்தவர்.

இருவரும் இன்னும் நாலடி தள்ளி நின்றார்கள். அவர் இருமலை அடக்கிக்கொண்டு, கடப்பாரையை எப்போது திருப்பித் தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.